ஐம்பது வயதில் ஹெலிகாப்டர் ஏறியவர்

ஆகாய விமானம் மேலே கிளம்ப வேண்டுமானால், ஓடுவதற்கு நீண்ட பாதை வேண்டும். ஹெலிகாப்டருக்கு அது வேண்டாம். நின்ற இடத்தில் இருந்தே எழும்பும். ஒரு சிறிய மைதானம் கிடைத்தால் போதும், இறங்கிவிடும். இறங்க இடமே இல்லை என்றால், அந்தரத்தில் நின்றபடி கயிற்றைக் கீழே விடும்.

வெள்ளத்தில் கூரை மேல் ஏறித் தவிப்பவர்களையும், நடுக்கடலில் உடைந்த படகில் இருப்பவர்களையும் அது தூக்கிக்கொண்டு வந்துவிடும்.

இந்த வாகனத்தை மக்களுக்குப் பயன்படும்படி செய்து கொடுத்தவர்களில் முக்கியமானவர், ஐகர் சிகோர்ஸ்கி.

இவர் முதலில் ஹெலிகாப்டர்காரர் அல்ல. ஆகாய விமானம் ஓட்டியவர். ஆகாய விமானம் கட்டியவர். அதில் பெரும் புகழ் பெற்றவர். 49 வயதில் அந்தத் தொழில் அவர் கையை விட்டுப் போயிற்று. வேறு ஒருவராக இருந்தால், போதும் என்று ஓய்ந்திருப்பார். சிகோர்ஸ்கி ஓயவில்லை. 21 வயதில் தோற்றுப்போய் மூட்டை கட்டி வைத்த ஒரு வேலையை மீண்டும் கையில் எடுத்தார்.

தாயார் சொன்ன கதை

சிகோர்ஸ்கி 1889-ம் ஆண்டு மே மாதம் 25-ந் தேதி கீவ் நகரில் பிறந்தார். இன்று அது உக்ரைன் நாட்டின் தலைநகரம். அன்று ரஷிய சக்கரவர்த்தியின் ஆட்சியில் இருந்தது.

தகப்பனார் மனநோய் மருத்துவத்தில் பேர்பெற்ற பேராசிரியர். தாயாரும் மருத்துவம் படித்தவர். ஆனால் அவர் வைத்தியம் பார்க்கவில்லை. வீட்டில் இருந்து ஐந்து பிள்ளைகளை வளர்த்தார். ஐகர்தான் கடைக்குட்டி.

இத்தாலி நாட்டின் பெரிய ஓவியர் லியனார்டோ டாவின்சியைப் பற்றித் தாயார் மகனுக்குச் சொல்லுவார். அவர் திருகாணி போல் சுழன்று மேலே ஏறும் ஒரு யந்திரத்தைப் படமாக வரைந்து வைத்திருந்தார். அந்தக் கதை சிறுவனின் மனதில் ஒட்டிக்கொண்டது.

12 வயதில் அவன் ஒரு பொம்மை செய்தான். ரப்பரை முறுக்கி விட்டால் விசிறி சுழலும். பொம்மை தானாக மேலே எழும்பும். அதுவே சிகோர்ஸ்கியின் முதல் ஹெலிகாப்டர்.

அந்த வயதில் அவன் ஒரு கனவும் கண்டான். அழகான, குறுகலான ஒரு நடையில் நடந்து போகிறான். இரு பக்கமும் மரக் கதவுகள். மேலே நீல விளக்கு. காலின் கீழே தரை லேசாக அதிர்கிறது. தான் இருப்பது பறக்கும் கப்பல் என்பது அவனுக்குப் புரிகிறது. விழித்ததும் கனவைச் சொன்னான். அப்படி ஒரு கப்பல் உலகத்தில் கிடையாது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். அதை அவன் மறக்கவில்லை.

இரண்டு முறை தோல்வி

1903-ம் ஆண்டு சிகோர்ஸ்கி கடற்படைப் பள்ளியில் சேர்ந்தார். மூன்று ஆண்டு படித்தார். மனம் அதில் செல்லவில்லை. பொறியியல் படிக்கப் போனார்.

1908-ம் ஆண்டு தகப்பனாருடன் ஜெர்மனிக்குப் போயிருந்தார். அமெரிக்காவின் ரைட் சகோதரர்கள் ஆகாய விமானத்தில் பறந்த செய்தியை அங்கேதான் படித்தார். உடனே தாமும் பறப்பது என்று முடிவு செய்தார். ஆனால் ஆகாய விமானத்தில் அல்ல. ஹெலிகாப்டரில்!

பணத்துக்கு என்ன செய்வது? மூத்த சகோதரி ஓல்கா உதவினார். அந்தப் பணத்தோடு 1909-ம் ஆண்டு பாரிசுக்குப் போனார். 25 குதிரைச் சக்தி உள்ள ஒரு எஞ்சினை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார். பாரிசில் விமானம் தெரிந்த பெரியவர்கள், ஹெலிகாப்டரில் காலத்தை வீணாக்க வேண்டாம் என்று புத்தி சொல்லி அனுப்பினார்கள். வாலிபர் கேட்கவில்லை.

1909-ம் ஆண்டு முதல் ஹெலிகாப்டரைக் கட்டினார். எஞ்சின் ஓடியது. விசிறிகள் சுழன்றன. யந்திரம் குலுங்கியது. ஆனால் தரையை விட்டு எழும்பவில்லை.

1910-ம் ஆண்டு இரண்டாவது ஹெலிகாப்டரைக் கட்டினார். அது தன் எடையைத் தானே தூக்கியது. ஆள் ஏறி உட்கார்ந்தால் தூக்க மாட்டேன் என்றது!

அன்று இருந்த எஞ்சின்களுக்குப் பலம் போதாது. அந்தப் பலத்தைத் தரும் எஞ்சின் வரும்வரை காத்திருக்க வேண்டும். இதைப் புரிந்துகொண்ட சிகோர்ஸ்கி, ஹெலிகாப்டரை மூலையில் போட்டார். ஆகாய விமானத்துக்கு மாறினார்.

கொசு செய்த வேலை

அதே 1910-ம் ஆண்டில் அவர் கட்டிய இரண்டாவது விமானம் பறந்தது. சில விநாடிகள்தான், சில அடி உயரம்தான். இருந்தாலும் பறந்தது. அதைக் கட்டியவரும் அவரே. ஓட்டியவரும் அவரே. அவருக்குக் கற்றுக்கொடுக்க ஆசிரியர் யாரும் இல்லை. விழுந்து விழுந்துதான் கற்றுக்கொண்டார். 1911-ம் ஆண்டு விமானி உரிமம் பெற்றார்.

அந்த ஆண்டு ஒரு நாள், பறந்துகொண்டிருக்கும்போதே எஞ்சின் நின்றுவிட்டது. விமானம் கீழே வந்து மோதி நொறுங்கியது. சிகோர்ஸ்கி உயிர் தப்பினார்.

எஞ்சினைப் பிரித்துப் பார்த்தார்கள். பெட்ரோல் போகும் சிறு துவாரத்தில் ஒரு கொசு அடைத்துக்கொண்டிருந்தது!

ஒரு கொசுவால் மனிதன் உயிர் போகலாமா என்று சிகோர்ஸ்கி யோசித்தார். ஒரு எஞ்சினை நம்பிப் பறந்தால் இந்தக் கதிதான். பல எஞ்சின்கள் இருந்தால், ஒன்று நின்றாலும் மற்றவை காப்பாற்றும். இந்த யோசனை அவர் வாழ்க்கையை மாற்றியது.

நாலு எஞ்சின் விமானம்

செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் ஒரு பெரிய தொழிற்சாலையில் அவருக்கு வேலை கிடைத்தது. அங்கே நாலு எஞ்சின் உள்ள விமானத்தைக் கட்டத் தொடங்கினார். அதன் இறக்கை ஏறக்குறைய 90 அடி. பல நிபுணர்கள் சிரித்தார்கள். இவ்வளவு பெரிய விமானம் எழும்பாது என்றார்கள். எழும்பினாலும், ஒரு பக்கத்து எஞ்சின் நின்றால் உருண்டு விழும் என்றார்கள்.

1913-ம் ஆண்டு மே மாதம் அது பறந்தது. ஓட்டியவர் சிகோர்ஸ்கி. அப்போது அவருக்கு வயது 24 கூட ஆகவில்லை. ரஷிய சக்கரவர்த்தி இரண்டாம் நிக்கலஸ் நேரில் வந்து விமானத்தைப் பார்த்தார். சிகோர்ஸ்கிக்குத் தங்கக் கடிகாரம் பரிசு கொடுத்தார்.

அடுத்து அதைவிடப் பெரிய விமானத்தைக் கட்டினார். அதற்கு ரஷிய நாட்டுக் கதைகளில் வரும் வீரன் பெயரை வைத்தார்: இலியா மூரோமெத்ஸ். மூடிய அறை, மின்விளக்கு, படுக்கை, கழிவறை எல்லாம் அதில் இருந்தன. 1914-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் 16 பேரையும் ஒரு நாயையும் ஏற்றிக்கொண்டு பறந்தது.

அந்த ஆண்டு கோடையில் சிகோர்ஸ்கி பிறந்த ஊருக்கே அந்த விமானத்தில் கிளம்பினார். சுமார் 1,200 கிலோ மீட்டர் தூரம். வழியில் ஒரு எஞ்சினில் தீப்பிடித்தது. உடன் வந்தவர்களில் இரண்டு பேர் பறக்கும் விமானத்தின் இறக்கை மீது ஏறிப் போனார்கள். மேல்சட்டைகளால் அடித்து நெருப்பை அணைத்தார்கள். விமானம் கீவ் போய்ச் சேர்ந்து, பீட்டர்ஸ்பர்க்குக்குத் திரும்பியும் வந்தது.

சில வாரங்களில் முதலாவது உலக யுத்தம் தொடங்கியது. பிரயாணிகளுக்காகக் கட்டிய விமானத்தில் குண்டுகளை ஏற்றினார்கள். இந்த ரக விமானம் 70-க்கு மேல் கட்டப்பட்டது.

கோழிப் பண்ணையில் தொழிற்சாலை

1917-ம் ஆண்டு ரஷியாவில் புரட்சி வந்தது. சக்கரவர்த்தியின் ஆட்சி வீழ்ந்தது. சக்கரவர்த்தியிடம் பரிசு வாங்கியவருக்கு அங்கே ஆபத்து. 1918-ம் ஆண்டு சிகோர்ஸ்கி நாட்டை விட்டுக் கிளம்பினார். புகழும் பணமும் ரஷியாவிலேயே நின்றுவிட்டன.

1919-ம் ஆண்டு மார்ச் மாதம் 30-ந் தேதி நியூயார்க்கில் வந்து இறங்கினார். கையில் சில நூறு டாலர். ஆங்கிலம் சரியாக வராது. யுத்தம் முடிந்துவிட்டதால் விமானம் வாங்க ஆள் இல்லை. தம்மைப்போல் ரஷியாவில் இருந்து ஓடிவந்த ஏழைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தார். அவரைச் சாப்பாட்டுக்குச் சிக்கனம் பிடிக்க வைத்த காலம் அது.

1923-ம் ஆண்டு ரஷிய நண்பர்கள் சேர்ந்து ஒரு சிறு கம்பெனி ஆரம்பித்தார்கள். தொழிற்சாலை எது தெரியுமா? நியூயார்க்குக்குப் பக்கத்தில் நண்பர் ஒருவரின் கோழிப் பண்ணை! புது இரும்பு வாங்கப் பணம் இல்லை. பழைய சாமான் கடையில் கிடைத்த கட்டில் சட்டங்களைக்கூட விமானத்துக்குப் பயன்படுத்தினார்கள்.

பணம் தீர்ந்து வேலை நிற்கும் நிலை வந்தது. அப்போது உலகப் புகழ் பெற்ற ரஷிய இசை மேதை ராக்மானினோவ் 5,000 டாலர் கொடுத்துப் பங்கு வாங்கினார். வேலை தொடர்ந்தது.

1924-ம் ஆண்டு விமானம் தயார் ஆயிற்று. பாடுபட்டவர்கள் எல்லோரும் முதல் பயணத்தில் ஏறுவோம் என்று பிடிவாதம் பிடித்தார்கள். சிகோர்ஸ்கியால் மறுக்க முடியவில்லை. பாரம் தாங்காமல் விமானம் கீழே இறங்கி உடைந்தது. நல்லவேளையாக யாரும் சாகவில்லை. மீண்டும் பழுது பார்த்தார்கள். அந்த ஆண்டே அது நன்றாகப் பறந்தது.

மறக்க முடியாத காலை

1926-ம் ஆண்டு அவருக்குப் பெரிய சோதனை வந்தது.

நியூயார்க்கில் இருந்து பாரிசுக்கு நிற்காமல் பறப்பவருக்கு 25,000 டாலர் பரிசு என்று அறிவித்திருந்தார்கள். பிரெஞ்சு யுத்த வீரர் ரெனே ஃபாங்க் அந்தப் பயணத்துக்கு சிகோர்ஸ்கி கட்டிய விமானத்தைத் தேர்ந்தெடுத்தார். செப்டம்பர் மாதம் 21-ந் தேதி காலை, அளவுக்கு மேல் பெட்ரோல் ஏற்றிய விமானம் ஓடியது; எழும்பவில்லை. பாதையின் கோடியில் விழுந்து தீப்பற்றியது. ஃபாங்க் தப்பினார். நாலு பேரில் இரண்டு பேர் எரிந்து மாண்டார்கள். சிகோர்ஸ்கி கண்ணெதிரே நடந்தது அது.

அடுத்த ஆண்டு லிண்ட்பெர்க் என்ற வாலிபர், ஒரே எஞ்சின் உள்ள சிறு விமானத்தில் தனியாகப் பறந்து அந்தப் பரிசைப் பெற்றார்.

சிகோர்ஸ்கி மனம் தளரவில்லை. 1928-ம் ஆண்டு தண்ணீரிலும் தரையிலும் இறங்கக்கூடிய விமானத்தைக் கட்டினார். அது நூற்றுக்கு மேல் விற்றது. அந்த ஆண்டே அவர் அமெரிக்கப் பிரஜை ஆனார். பிறகு ஒரு பெரிய நிறுவனம் அவருடைய கம்பெனியைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. கனெக்டிகட் மாநிலம் ஸ்ட்ராட்போர்டு ஊரில் புதிய தொழிற்சாலை எழுந்தது.

1931-ம் ஆண்டு அங்கே பெரிய பறக்கும் படகு ஒன்று தயார் ஆயிற்று. அதில் ஒரு நாள் சிகோர்ஸ்கி பிரயாணம் செய்தார். பணியாள் விளக்கைப் போட்டார். மரப் பலகை பதித்த நடை. மென்மையான வெளிச்சம். காலின் கீழே லேசான அதிர்வு. சிறு வயதில் கனவில் நடந்த நடை அது என்று அவருக்கு நினைவு வந்தது.

தொழிற்சாலையை மூட முடிவு

பறக்கும் படகுகளுக்கு நல்ல காலம் நீடிக்கவில்லை. தரையில் இறங்கும் விமானங்கள் பெரிதாகிவிட்டன. பறக்கும் படகு வாங்குவோர் குறைந்தார்கள். 1938-ம் ஆண்டு நிறுவனத்தார் சிகோர்ஸ்கியை அழைத்தார்கள். நஷ்டம் தாங்க முடியவில்லை, விமானம் கட்டும் பிரிவை மூடப்போகிறோம் என்று தெரிவித்தார்கள்.

சிகோர்ஸ்கி அவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்டார். தம்மோடு உழைத்த பொறியாளர் சிலரைக் கலைக்காமல் விட வேண்டும். அவர்களை வைத்து ஹெலிகாப்டர் செய்து பார்க்க அனுமதி வேண்டும்.

இது திடீர் ஆசை அல்ல. விமானம் கட்டிய காலத்திலும் அவர் ஹெலிகாப்டரைப் பற்றிக் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தார். 1931-ம் ஆண்டிலேயே தம் யோசனையைப் பதிவு செய்யக் காப்புரிமைக்கு மனுப் போட்டிருந்தார். நிறுவனத்தார் சம்மதித்தார்கள்.

வாலில் ஒரு சிறு விசிறி

ஹெலிகாப்டரில் முக்கியமான சிக்கல் ஒன்று உண்டு.

பரிசலில் நின்றுகொண்டு கழியால் கரையைத் தள்ளினால், பரிசல் எதிர்ப் பக்கம் போகும். அதுபோல, தலைக்கு மேல் உள்ள பெரிய விசிறி ஒரு பக்கம் சுழன்றால், கீழே உள்ள உடல் எதிர்ப் பக்கம் சுழலப் பார்க்கும். உட்கார்ந்திருப்பவர் பம்பரம் ஆகிவிடுவார்!

இதற்காக மற்றவர்கள் இரண்டு பெரிய விசிறிகளை வைத்து, எதிர் எதிராகச் சுழல விட்டார்கள். பிரான்சிலும் ஜெர்மனியிலும் அப்படிப்பட்ட ஹெலிகாப்டர்கள் 1930-களில் பறந்தும் காட்டின. சிகோர்ஸ்கி வேறு வழி பிடித்தார். மேலே ஒரே ஒரு பெரிய விசிறி. வாலில் செங்குத்தாக ஒரு சிறு விசிறி. உடல் திரும்பப் பார்த்தால் வால் விசிறி அதைப் பிடித்து நிறுத்தும்.

1939-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் 14-ந் தேதி. ஸ்ட்ராட்போர்டு தொழிற்சாலை. யந்திரத்தின் பெயர் வி.எஸ்.300. எஞ்சின் பலம் 75 குதிரைச் சக்தி. விசிறியின் அகலம் 28 அடி. மூடிய அறை இல்லை. முன்னால் திறந்த ஆசனம்தான்.

ஓட்ட வாலிபர் யாரையும் சிகோர்ஸ்கி அனுப்பவில்லை. தலையில் தொப்பியோடு தாமே ஏறி உட்கார்ந்தார். வயது 50. பறந்துவிடாமல் இருக்கக் கயிறு கட்டியிருந்தார்கள். யந்திரம் தரையை விட்டு எழும்பியது. சில விநாடிகள் நின்றது. இறங்கியது.

பெரிய விமானங்களை ஓட்டிய அவர், இதை ஓட்டப் புதிதாகப் பழக வேண்டியிருந்தது. இடது கையில் ஒரு கோல். அது ஏற்றவும் இறக்கவும். வலது கையில் ஒரு கோல். அது திசை சாய்க்க. இரண்டு கால்களும் வால் விசிறியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். எல்லாம் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். சொல்லிக்கொடுக்க அங்கேயும் ஆள் இல்லை.

ஒரு முறை யந்திரம் கவிழ்ந்தது. மீண்டும் கட்டினார்கள். 1940-ம் ஆண்டு மே மாதம் 13-ந் தேதி கயிறு இல்லாமல் பறந்தது. பக்கவாட்டில் போயிற்று. பின்னாலும் போயிற்று. முன்னால் மட்டும் சரியாகப் போகவில்லை! நிறுவனத்து மேலதிகாரி இதைக் கவனித்துக் காரணம் கேட்டார். அது இன்னும் தீராத ஒரு சிறு சங்கடம் என்று சிகோர்ஸ்கி அமைதியாகப் பதில் சொன்னார். வால் பகுதியைப் பலமுறை மாற்றி, அந்தச் சங்கடத்தையும் தீர்த்தார்.

1941-ம் ஆண்டு மே மாதம் 6-ந் தேதி 1 மணி 32 நிமிட நேரம் தரையிறங்காமல் பறந்து உலக சாதனை செய்தார். அன்றும் ஓட்டியவர் அவரே.

முதலில் காப்பாற்றப்பட்டவர்கள்

இரண்டாவது உலக யுத்தத்தின்போது அமெரிக்க ராணுவம் அவருடைய ஹெலிகாப்டரை வாங்கியது. ஆர்-4 என்பது அதன் பெயர்.

1944-ம் ஆண்டு ஜனவரி மாதம் 3-ந் தேதி நியூயார்க் அருகே ஒரு போர்க்கப்பல் வெடித்தது. காயம் அடைந்தவர்களுக்குக் கொடுக்க ரத்தத்தின் பிளாஸ்மா அவசரமாக வேண்டும். பனியும் காற்றும் அடித்ததால் விமானங்கள் பறக்க முடியவில்லை. எரிக்சன் என்ற கடலோரக் காவல் அதிகாரி, பிளாஸ்மா பெட்டிகளைக் கட்டிக்கொண்டு ஹெலிகாப்டரில் கிளம்பினார். 14 நிமிடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

அதே ஆண்டு ஏப்ரல் மாதம் பர்மாக் காட்டில் ஒரு சிறு விமானம் விழுந்தது. ஓர் அமெரிக்க விமானியும் காயம் அடைந்த மூன்று பிரிட்டிஷ் சிப்பாய்களும் ஜப்பானியர் பக்கத்தில் சிக்கிக்கொண்டார்கள். அசாமில் லாலாகாட் என்ற இடத்தில் இருந்த படைப்பிரிவு ஒரு ஆர்-4 ஹெலிகாப்டரை அனுப்பியது. ஓட்டியவர் கார்ட்டர் ஹார்மன். வெயிலில் அந்தச் சிறு எஞ்சினால் ஒரு தடவைக்கு ஒருவரைத்தான் தூக்க முடிந்தது. இரண்டு நாளில் நாலு முறை போய், நாலு பேரையும் மீட்டார்.

1945-ம் ஆண்டு நவம்பர் மாதம் 29-ந் தேதி, சிகோர்ஸ்கி தொழிற்சாலைக்குப் பக்கத்துக் கடலிலேயே ஓர் எண்ணெய்ப் படகு புயலில் மாட்டியது. அதில் இரண்டு பேர். தொழிற்சாலை ஹெலிகாப்டரில் கிளம்பிய விமானி, சிகோர்ஸ்கியின் சகோதரி மகன் ஜிம்மி வைனர். கயிறு இறக்கி இரண்டு பேரையும் தூக்கினார்கள். கடலில் தவித்தவர்களை ஹெலிகாப்டர் கயிற்றில் தூக்கியது அதுவே முதல் முறை.

யுத்தத்துக்காகத் தம் விமானங்கள் குண்டு சுமந்ததைப் பார்த்தவர் சிகோர்ஸ்கி. ஹெலிகாப்டரும் பிற்காலத்தில் போரில் ஆயுதம் சுமந்தது. ஆனால் அவருக்கு மகிழ்ச்சி தந்தது, ஹெலிகாப்டர் காப்பாற்றிய உயிர்களின் கணக்குதான்.

வீட்டுக்கு ஒரு ஹெலிகாப்டர்

அவருடைய எண்ணம் ஒன்று பலிக்கவில்லை.

மோட்டார் கார் போல ஹெலிகாப்டரும் குடும்பங்களின் கைக்கு வரும் என்று 1942-ம் ஆண்டு ஒரு பத்திரிகையில் எழுதினார். வீட்டுத் தோட்டத்தில் இருந்து கிளம்பி அலுவலகத்துக்குப் போகலாம் என்று அமெரிக்கர் பலர் ஆசைப்பட்டார்கள்.

அது நடக்கவில்லை. விலை அதிகம். பராமரிக்கும் செலவும் அதிகம். சத்தம் பெரிது. இரண்டு கையும் இரண்டு காலும் ஓயாமல் வேலை செய்ய வேண்டும். கார் ஓட்டுவது போல் சுலபம் அல்ல. ஆகவே சொந்த ஹெலிகாப்டர் பெரும் பணக்காரர்களோடும் கம்பெனிகளோடும் நின்றுவிட்டது.

சொந்தத்துக்கு வராவிட்டால் என்ன? ஆபத்துக்கு வந்தது. 1954-ம் ஆண்டு இந்திய விமானப்படையில் சேர்ந்த முதல் ஹெலிகாப்டர், சிகோர்ஸ்கி கம்பெனியின் எஸ்-55தான்.

சிகோர்ஸ்கி 1957-ம் ஆண்டு ஓய்வு பெற்றார். ஓய்வு பெற்ற பிறகும் ஆலோசனை சொல்லத் தொழிற்சாலைக்கு வந்துகொண்டே இருந்தார். 1972-ம் ஆண்டு அக்டோபர் மாதம் 26-ந் தேதி, 83-வது வயதில் தம் வீட்டில் காலமானார்.

வி.எஸ்.300 முதல் முறை தரையை விட்டு எழும்பிய அதே ஸ்ட்ராட்போர்டில் அவரை அடக்கம் செய்தார்கள்.